கை கொடுக்காமலே பந்திக்குப் போகிறோம்: நம் சேகரத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குருவானவர் ஐயா அவர்களுக்கும், அவர் பொறுப்பில் இருக்கும் நம் சேகரத்தின் கமிட்டியாருக்கும், சபையார் எல்லாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். போன சபைக் கூட்டத்தில், நம் ஆராதனை உயிரில்லாமல் போய்விட்டது என்று முதன்முறையாக வெளிப்படையாகப் பேசினீர்கள். வாலிபர்கள் வருவதில்லை, வருகிறவர்களும் இரண்டாம் மணி அடித்து வெகுநேரம் கழித்து வருகிறார்கள், பிரசங்கம் தொடங்கினால் ஆண்கள் பாதிப் பேர் வாசலுக்குப் போய்விடுகிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். அந்த வருத்தம் உண்மையானது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அதற்கு மருந்தாக நீங்கள் முடிவு செய்தவை: ஆலயத்துக்குள் ஒரு எல்இடி திரை, பாடற்குழுவுக்குப் புது கீபோர்டும் டிரம்ஸும், அப்புறம் வெளியூரிலிருந்து பெயர்பெற்ற ஒரு பிரசங்கியாரை அழைத்து மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். இவையெல்லாம் வந்த பிறகும் நாம் இப்படியேதான் இருப்போம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். கமிட்டியிடம் மட்டும் தனியாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் விஷயம் பெஞ்சில் உட்காருகிற எல்லாரையும் சேர்ந்தது, அதனால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன்.

"ஒரே புத்தகம், ஒரே ஜெபம், ஒரே வரிசை, சலிக்காமல் என்ன செய்யும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார், பலரும் தலையாட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாவ அறிக்கையை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம் என்பது உண்மைதான். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, கண் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தின் நடுவில் போனை எடுத்துப் பார்க்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபம் கெட்ட ஜெபம் என்று ஆகிவிடாது. எங்கள் தெருவில் ஒரு தாய் விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். அந்த வாரம் முழுக்க அவரால் சொந்தமாக ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நீளநீளமாக ஜெபித்தார்கள், அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சபை ஊழியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து 130ஆம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினார், "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று. அந்தத் தாயின் வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள், சில நேரம் அசதியிலும் தூக்கக் கலக்கத்திலும் சொன்ன வார்த்தைகள்தான், அன்றைக்கு அவருக்கு ஜெபமாக நின்றன. ஆகவே புத்தகத்தைக் குறை சொல்லாதீர்கள்.

நம் முன்னோரை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சபையின் தொடக்கம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் 1780ஆம் வருடப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையார், 1785இல் அங்கேயே எழுப்பிய சின்ன ஆலயம் இன்றும் நிற்கிறது. 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானது. 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு கிராமம் கிராமமாக ஜெபவீடுகள் எழும்பின. ஜெபம் நடத்தும் உபதேசியார் மணி அடிப்பார், காலையும் மாலையும் ஜனங்கள் கூடுவார்கள், அதே ஜெபம், அதே வேத வாசிப்பு, அதே வினா விடை. நாம் வாரம் ஒருமுறை சொல்லிச் சலித்துப்போவதை அவர்கள் தினமும் சொன்னார்கள். சலிப்புதான் காரணம் என்றால் அது அவர்களைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும்.

அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெபவீட்டுக்குள் அவர்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வெளியே ஒரு விலை இருந்தது. சொந்தக்காரர்கள் ஒதுக்கினார்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, குடியிருந்த இடத்திலிருந்தே துரத்தினார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தத்தான் ரேனியஸ் காலத்தில், 1830இல், தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று மாலை ஜெபத்தில் சொன்னவருக்கு மறுநாள் ஆகாரம் உறுதியில்லை, பக்கத்தில் நின்று ஆமென் சொன்னவர் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்றால் அந்த ஜெபம் எப்படிச் சடங்காகும்? நாம் அதே ஜெபத்தைச் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் பிரியாணி ஆறிவிடுமே என்று வீட்டுக்குப் போகிறோம். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு தொடர்பும் இல்லாதபோது எந்த நல்ல வார்த்தையும் சீக்கிரம் செத்துப்போகும். திரையில் போட்டாலும் சாகும், டிரம்ஸ் அடித்தாலும் சாகும்.

இதை வேறெங்கும்விட, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில்தான் வெளிச்சமாகப் பார்க்கலாம். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதுதான் முக்கியம்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், கான்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. தலைமுறை தலைமுறையாகத் தனித்தனி மேசையில் பந்தி பரிமாறியவர்கள் ஒரே மேசைக்கு வந்தார்கள். அவர்களுக்காக எழுதப்பட்ட புதிய திருவிருந்து முறைமை 1950இல் வந்தது. அதில் கேரளத்துச் சீரியக் கிறிஸ்தவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துச் சேர்த்தார்கள், அதுதான் கையோடு கை வைத்துச் சமாதானம் கொடுப்பது. குருவானவர் மேசையண்டையில் இருப்பவர்களுக்குக் கொடுப்பார், அவர்கள் வந்து பெஞ்சு ஓரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள், அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார், இப்படியே கடைசிப் பெஞ்சு வரைக்கும் போகும். ஒருவர் உள்ளங்கைகளுக்குள் இன்னொருவர் கை. அந்த இடத்தில் வாசிக்கும் வசனம், "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது" என்ற 133ஆம் சங்கீதம். அதற்குப் பிறகுதான் காணிக்கை, அதற்கும் பிறகுதான் அப்பமும் ரசமும். இந்த வரிசையைத் தயவுசெய்து கவனியுங்கள். காணிக்கையைப் பீடத்தின் முன்பு வைத்துவிட்டுப் போய் முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்ன அதே வரிசை.

நம் ஆலயத்தில் இப்போது என்ன நடக்கிறது? 2020இல் கொரோனா வந்ததும் கை கொடுப்பதை நிறுத்தினோம். அது சரியான முடிவு. அந்தப் பயம் போய் இத்தனை காலம் ஆகியும் திரும்பத் தொடங்கவில்லை. கல்யாண மண்டபத்தில் கை கொடுக்கிறோம், கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கிறோம், ஆலயத்துக்குள் மட்டும் நின்ற இடத்திலேயே கைகூப்பி நாலா பக்கமும் ஒரு தடவை திரும்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பாடற்குழு அதற்கு ஒரு பாட்டும் பாடிவிடும். யாரும் ஏன் இதைக் கேள்வி கேட்கவில்லை என்றால், இது நமக்கு வசதியாக இருக்கிறது. யாருக்கு எதிரே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டியதில்லை.

பல சேகரங்கள் சேர்ந்த நம் திருமண்டலத்தின் தேர்தல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. போன தேர்தலில் நம் சேகரத்தில் இரண்டு அணி. நோட்டீஸ் அடித்தது, வீடு வீடாகப் போய்ப் பேசியது, ஆலய வளாகத்துக்குள்ளேயே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தது எல்லாம் உங்களுக்கே தெரியும், நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. தேர்தல் முடிந்தது. பகை முடியவில்லை. இந்த அணிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த அணிக்காரர் போகவில்லை. போன வருடம் ஒரு பெரியவர் காலமானபோது, ஐம்பது வருடம் ஒரே ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் அடக்கத்துக்கு வரவில்லை. அவர்கள் எல்லாரும் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு வருகிறார்கள். எப்படி வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரே பந்தியில் முழங்காலிட வேண்டி வந்துவிடக் கூடாது என்று முன்னால் போகிறவரைப் பார்த்துக் கொஞ்சம் தாமதித்து அடுத்த பந்திக்கு எழுந்திருக்கிறார்கள். பீடத்துக்கு எதிரே உள்ள கிராதிக்கு முன் முழங்காலில் நின்று, கை நீட்டி, "உங்களுக்காகப் பிட்கப்பட்ட" சரீரத்தை வாங்குகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துத்தானே பிட்கப்பட்டது?

இப்படிச் செய்துவிட்டு, ஏன் ஆராதனையில் ஆவியானவரின் அசைவு இல்லை என்று கூட்டம் போட்டுக் கேட்கிறோம். ஆமோஸ் தீர்க்கதரிசியின் காலத்திலும் பாட்டு இருந்தது, பண்டிகை இருந்தது, கொழுமையான பலிகள் இருந்தன. உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்றுதான் தேவன் சொன்னார்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒன்றிப்புக்கு முன் நம் ஆங்கிலிக்கன் முன்னோர் பயன்படுத்திய 1662ஆம் வருடத்து ஜெபப் புத்தகத்தில் திருவிருந்து முறைமைக்கு முன்னால் சில விதிகள் இருக்கின்றன. திருவிருந்தில் பங்குபெற நினைக்கிறவர்கள் முந்தின நாளாவது தங்கள் பெயரைக் குருவானவரிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டு பேருக்குள் பகையும் வெறுப்பும் இருப்பது குருவானவருக்குத் தெரியவந்தால், அவர்கள் ஒப்புரவாகிவிட்டார்கள் என்று அறியும்வரை அவர்களைத் திருவிருந்துக்கு விடக் கூடாது. ஒருவர் மனதார மன்னிக்கத் தயாராக இருந்து இன்னொருவர் பிடிவாதமாக இருந்தால், தயாராக இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்த வேண்டும். எவ்வளவு தெளிவு பாருங்கள். நம் ஊர்களில் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை என்று ஒன்று இருந்ததே, அது இதற்காக வந்ததுதான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அது ஞாயிறு காலையில் ஒரு நிமிட மௌனமாகச் சுருங்கி, அந்த மௌனத்திலும் மைக் சரி பார்க்கிறார்கள்.

எங்கள் அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. அவர் வாலிபராக இருந்த காலத்தில் குருவானவராக இருந்த ஒரு ஐயர், வரப்புத் தகராறில் வழக்குப் போட்டுப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஆயத்த ஆராதனை முடிந்ததும் நிறுத்தி, நாளைக்கு உங்களுக்கு அப்பம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஊரே கொந்தளித்தது. திருமண்டல அலுவலகத்துக்கு மனு போனது. ஐயர் கோபப்படவில்லை, மாற்றிப் பேசவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் இரண்டு வீட்டுக்கும் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், ஜெபித்துவிட்டு வருவார். தம்பி முதலில் இறங்கி வந்தார். அண்ணன் ஒரு வருடத்துக்கு மேல் ஆலயத்துக்கே வரவில்லை. வழக்கும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தம்பி ஒருநாள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்ற செய்தி ஊருக்குள் பரவியபோது, வேறு எத்தனையோ வீடுகளில் அமுங்கிக் கிடந்த பகையெல்லாம் பேச்சுக்கு வந்ததாம். அந்த வருடம் பெரிய வெள்ளி ஆராதனை எப்படி இருந்தது என்று அப்பா சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அன்றும் இதே புத்தகம், இதே பாமாலை. கீபோர்டு கூடக் கிடையாது, ஒரு பழைய ஆர்மோனியம்தான்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. நம் அணிகள் எந்தக் கோட்டில் பிரிந்தன என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷன்களுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேறுபாட்டைத் தீர்மானமாக, உடனடியாக, முற்றுமுடிவாக விட வேண்டும் என்று கட்டளையிட்டார். அதை ஏற்காமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானவர்கள் ஆலயத்தை விட்டுப் போனார்கள். போனவர்கள் செய்தது தவறு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர்களுக்கு ஒன்று புரிந்திருந்தது, அந்தக் கட்டளையை ஏற்றால் வாழ்க்கையை மாற்ற வேண்டியிருக்கும் என்று. நாம் ஆலயத்தை விட்டும் போவதில்லை, எதையும் மாற்றுவதும் இல்லை. பெண் எடுப்பது கொடுப்பதிலிருந்து கமிட்டிக்கு யாரை நிறுத்துவது வரை எல்லாவற்றிலும் சாதியை வைத்துக்கொண்டு, ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று மாதாமாதம் சொல்கிறோம். கொரிந்து சபையில் ஒருவன் பசியாய் இருக்க ஒருவன் வெறித்திருந்ததைப் பார்த்த பவுல், நீங்கள் கூடிவருவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று எழுதினார். நமக்கு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

இன்னொன்று, தேர்தலில் வாக்களிக்கத் திருவிருந்து எடுக்கும் உறுப்பினராக இருக்க வேண்டும், சபைக்குக் கட்டும் சங்கக் காணிக்கை பாக்கி இருக்கக் கூடாது. விதி நல்ல எண்ணத்தில் வந்ததுதான், விசுவாசத்தில் நிற்கிறவர்களே சபையை நடத்த வேண்டும் என்று. ஆனால் நடைமுறையில், வருடக்கணக்கில் வராதவர்களைக்கூடப் பட்டியல் தயாராகும் சமயத்தில் வண்டி வைத்து அழைத்து வந்து பந்தியில் முழங்காலிட வைக்கிறார்கள் இரண்டு அணிக்காரர்களும். ஆண்டவருடைய மேசையை வாக்காளர் பட்டியலுக்குத் தகுதிச் சான்றிதழாக ஆக்கிவிட்டோம். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், போஜனபானம் பண்ணுகிறதைப் பற்றி வேதம் சொல்வதை நாமெல்லாம் வாசித்திருக்கிறோம்.

வாலிபர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் திருமண்டலத்திலும் சேராத சுயாதீன சபைகளுக்குப் போய்விட்டார்கள், அங்கே கிதார் இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது என்கிறீர்கள். போனவர்களில் சிலரிடம் கேட்டேன், என் சித்தி மகனும் அதில் ஒருவன். ஒருவன்கூட கிதாரைச் சொல்லவில்லை. "அங்கே போன இரண்டாவது வாரம் என் வேலை போன விஷயத்தைக் கேட்டு வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். இங்கே பிறந்ததிலிருந்து இருக்கிறேன், எனக்கு வேலை போனதே யாருக்கும் தெரியாது" என்றான் அவன். நர்ஸிங் படிக்கிற ஒரு பெண் சொன்னது இன்னும் கடினமானது. பெரியவர்கள் ஆலயத்துக்குள் ஒரு மாதிரியும் கமிட்டி அறைக்குள் இன்னொரு மாதிரியும் பேசுவதை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள், பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே. அந்தப் பெண்ணுக்கு எல்இடி திரையில் என்ன காட்டப் போகிறோம்?

வருடப் பிறப்பு இரவு ஆராதனையையும் சொல்லிவிடுகிறேன். மெதடிஸ்ட் மரபிலிருந்து நமக்கு வந்த உடன்படிக்கை ஆராதனை என்று ஒன்று இருக்கிறது, வருடத் தொடக்கத்தில் சொல்ல வேண்டியது. நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன், உமக்குச் சித்தமான இடத்தில் என்னை வையும், நிரப்பினாலும் வெறுமையாக்கினாலும் சரி என்கிற அர்த்தத்தில் வரும். அவ்வளவு பெரிய வார்த்தைகளை வேகமாக ஒப்பித்துவிட்டு, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்க முண்டியடிக்கிறோம். எனக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தேடி வாசிக்கிறோம், நான் என்ன கொடுத்தேன் என்பது மறந்துபோகிறது. வாக்குத்தத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து வையுங்கள், உடன்படிக்கையை நிதானமாகச் சொல்ல நேரம் கொடுங்கள் என்கிறேன்.

ஆலயத்தை அழகாக வைப்பதற்கும் நான் எதிரி அல்ல. தேரிக்காட்டு மணலுக்கு நடுவில் மெஞ்ஞானபுரத்து ஆலயத்தின் 192 அடி கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் எரேமியா தேவாலய வாசலில் நின்றுகொண்டுதான், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் என்று சொல்லும் பொய் வார்த்தைகளை நம்பிக்கொள்ளாதிருங்கள் என்றார். திரைக்காகச் சேர்த்த பணம் ஓடிப்போகாது. ஒரு வருடம் தள்ளிவையுங்கள். எழுப்புதல் கூட்டத்தையும் தள்ளிவையுங்கள். நமக்கு என்ன சொல்லப்பட வேண்டுமோ அது ஏற்கெனவே நம் முறைமையில் அச்சடித்து இருக்கிறது, அதைச் செய்துபார்த்த பிறகு வெளியூர்ப் பிரசங்கியாரை அழைக்கலாம்.

அதற்குப் பதிலாக நான் கேட்பது இவ்வளவுதான். சனிக்கிழமை ஆயத்த ஆராதனையைத் திரும்பத் தொடங்குங்கள். பிரசங்கம் வேண்டாம், பாட்டும் ஒன்றிரண்டு போதும், ஒரு வேத பாகம் வாசித்துவிட்டு அமைதியாக உட்கார விடுங்கள். ஐயா அங்கேயே இருக்கட்டும், பேச வேண்டியவர்கள் போய்ப் பேசட்டும். ஞாயிறு காலையில் கை கொடுத்தே சமாதானம் சொல்வோம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர்கள் கும்பிடட்டும், மற்றவர்கள் கை கொடுக்கட்டும். அதற்கும் முன்னால், இரண்டு அணிகளிலும் முன்னால் நின்றவர்கள், உங்கள் பெயர்களை எழுதவில்லை, ஊருக்கே தெரியும், நீங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். யார் ஜெயித்தீர்களோ அவர்கள் முதலில் போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும்படி பகலில் போங்கள். அந்தப் பெரியவர் அடக்கத்துக்கு வராதவர்கள் இப்போதாவது அவர் வீட்டு அம்மாவைப் போய்ப் பாருங்கள், அவர் வீட்டில் இன்னும் மாலை ஜெபம் நடக்கிறது, கதவு திறந்துதான் இருக்கிறது.

இப்படிச் செய்தால் திருவிருந்துக்கு எழுந்திருக்கிறவர்கள் எண்ணிக்கை குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையட்டும். மனம் ஒப்பாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறவர், மனம் ஒப்பாமல் போய் வாங்குகிறவரைவிட ஆண்டவருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று நம்புகிறேன். அவரிடம் யாராவது போய்ப் பேச இடம் இருக்கிறது.

ஐயாவுக்கு இதில் ஒரு கஷ்டம் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு குருவானவர் இரண்டு வீட்டாரை நிறுத்திப் பேசினால், அடுத்த வாரமே அவரை மாற்றச் சொல்லி மேலே மனு போகும். அவரும் பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க வேண்டும், நடு வருடத்தில் வீடு மாற முடியாது. அதனால் இந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயம் இல்லை. ஒப்புரவாக்குதலைப் பற்றி ஐயா எந்த வீட்டில் போய் என்ன பேசினாலும், அதற்காக அவரை மாற்றக் கேட்டு நாங்கள் யாரும் மனு கொடுக்க மாட்டோம், கொடுக்கிறவர்களுக்குத் துணை போகவும் மாட்டோம் என்று கமிட்டி ஒரு தீர்மானம் போட்டு, இரண்டு அணியினரும் கையெழுத்திட்டு, அறிவிப்புகளோடு ஞாயிறு அன்று வாசியுங்கள். இது இல்லாமல் மற்றதெல்லாம் பேச்சோடு நின்றுவிடும்.

இந்த மடலை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் என்னை அழைத்துக் கேளுங்கள், கூட்டத்துக்கு வரச் சொன்னால் வந்து பதில் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து நாட்கள் தொடங்குவதற்கு முன்பே முதல் ஆயத்த ஆராதனையை வைக்க முடிந்தால் நல்லது. சனிக்கிழமை மாலை ஆலயத்தைத் திறந்து பெஞ்சு துடைக்க, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கு ஒத்தாசையாக நான் வருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபை உறுப்பினன் ஒருவன்